நவுனும் பெயர்ச்சொல்லும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும்

ஆங்கில இலக்கணம் என்று சொன்னவுடன் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம். இன்னொன்று, ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எத்தனை?’ என்ற கேள்வி. ‘எட்டு’ என்று சொல்லி, நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ், வெர்ப், அட்வெர்ப், ப்ரிப்பொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தால்தான் உட்கார விடுவார்கள். ஒன்று விட்டுப்போனால் பெஞ்சு மேல் ஏற வேண்டியதுதான். இன்றைக்கும் நம்மில் பாதிப் பேரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்லிவிடுவோம்.

சொல்லிவிடுவோம், சரி. அந்த எட்டையும் வைத்து நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் இலக்கணத்தின் வழியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டையும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி வீடுகள் மாதிரி பிரித்து வைத்திருப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: முப்பது வருடத்துக்கு மேல் நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்தவள் நான். நடுநிலைப் பள்ளி என்றால் உங்களுக்குத் தெரியும். அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்கிற சௌகரியம் எல்லாம் கிடையாது. காலையில் தமிழ் நடத்திய அதே வாய்தான் மத்தியானம் ஆங்கிலமும் நடத்தும். காலையில் கரும்பலகையில் எழுதிய ‘தொழிற்பெயர்’ அழிந்தும் அழியாமலும் இருக்கும்போதே மத்தியானம் ‘ஜெரண்ட்’ எழுத வேண்டி வரும். அப்படி எழுதிய ஒருத்திக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் இருக்க முடியுமா?

எங்கள் தெருவில் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகள் என்னிடம் படிக்க வருகிறார்கள். அதில் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவளை, ‘எப்படியாவது இங்கிலீஷ் வந்துரணும்’ என்று கடனை வாங்கி ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். ‘நவுன்னா என்னம்மா?’ என்று கேட்டால், மனிதர், இடம், மிருகம், பொருள் இவற்றின் பெயர் நவுன் என்பதை அட்சரம் பிசகாமல் ஆங்கிலத்தில் சொல்கிறாள். போன மாதம் அக்காள் குழந்தைக்குக் காதுகுத்து. இரண்டு நாள் லீவு வேண்டும். லீவ் லெட்டர் எழுதச் சொன்னேன். எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று ஆரம்பித்திருந்தது.

‘காதுகுத்துக்குப் போறதுக்கு எதுக்கும்மா காய்ச்சல்?’ என்றேன்.

‘எனக்கு அது ஒண்ணுதான் எழுதத் தெரியும் டீச்சர்’ என்றாள்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை. நவுனுக்கு விளக்கம் தெரியும், வெர்புக்கு விளக்கம் தெரியும். தன் வீட்டில் நடக்கிற ஒரு விசேஷத்தை இரண்டு வரியில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் மக்கு இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையில்தான் கோளாறு. பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்தோம். அந்தப் பெயர்கள் என்ன வேலை செய்கின்றன என்று காட்டவில்லை.

முதலில் அந்த எட்டு என்கிற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஏதோ பிரம்மா எழுதி வைத்த கணக்கு என்று நாம் பயந்துகொண்டிருக்கிறோம். அது கிரேக்க நாட்டுச் சரக்கு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த டயோனீசியஸ் த்ராக்ஸ் என்பவர் பெயரில் வழங்குகிற கிரேக்க இலக்கணத்தில் சொற்கள் எட்டு வகை. அந்தப் பட்டியலில் ஆர்ட்டிகிள் உண்டு, இன்டர்ஜெக்ஷன் கிடையாது. அட்ஜெக்டிவுக்கும் தனி இடம் கிடையாது; அது பெயருக்குள்ளேயே அடக்கம். பிறகு லத்தீன்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். லத்தீனில் ஆர்ட்டிகிளே இல்லை. ஒன்று குறைந்தால் ஏழாகிவிடுமே! அதனால் இன்டர்ஜெக்ஷனைத் தனி வகையாக்கி, மறுபடியும் எட்டு என்று கணக்கை நேர் செய்தார்கள்.

அதற்குப் பிறகு இந்தச் சட்டையை ஆங்கிலத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். சில இடத்தில் தொளதொள, சில இடத்தில் இறுக்கம். லிண்ட்லி முர்ரே என்பவர் 1795இல் எழுதிய ஆங்கில இலக்கணம் அந்தக் காலத்தில் உலகமெல்லாம் ஓடிய புத்தகம். அவர் கணக்கில் ஒன்பது வகை. ஆர்ட்டிகிளைத் தனியாக எண்ணிவிட்டார். நம் ஊருக்கு 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டினில் மறுபடி எட்டு. இன்றைக்கு இங்கிலாந்துப் பள்ளிப் பாடத்திட்டத்தில் ‘டிட்டர்மைனர்’ என்று ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. எ, தி, திஸ், மை, எவ்ரி எல்லாம் அதன் கீழே. ஆக, எட்டும் ஒன்பதும் வேதவாக்கு இல்லை. வீட்டுச் சாமான்களை எந்த அலமாரியில் எதை வைப்பது என்று ஆளுக்கொரு விதமாக அடுக்குகிறார்களே, அந்த மாதிரிதான்.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ரென் அண்ட் மார்ட்டின் என்று நம்மைப் படுத்தி எடுத்தவர்களில் ரென் என்பவர் சாகசக் கதைகள் எழுதிய நாவலாசிரியர். ‘பியூ ஜெஸ்ட்’ என்ற அவருடைய நாவல் 1924இல் வந்து சக்கைப்போடு போட்டது, சினிமாவாகவும் வந்தது. பம்பாய்ப் பக்கம் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். நம் கையில் மட்டும் இலக்கணப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்!

நம் பக்கம் வருவோம். தமிழில் சொல் நான்கு வகை: பெயர், வினை, இடை, உரி. தொல்காப்பியர் இன்னும் சிக்கனக்காரர். சொல் என்றால் பெயரும் வினையும்தான், மற்ற இரண்டும் அவற்றைச் சார்ந்து வருபவை என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும் அந்த வழியில்தான் போகிறார். பெயரையும் வினையையும் இரண்டு தூண்களாக நிறுத்திவிட்டு மற்றதெல்லாம் அவற்றுக்கு உதவி என்று சொல்லும் இந்த ஏற்பாடு ஒரு குழந்தைக்கு எவ்வளவு தெளிவாகப் புரியும் தெரியுமா? ஒரு வாக்கியத்தில் யார், எது என்று கேட்டால் பெயர் வரும். என்ன செய்தது என்று கேட்டால் வினை வரும். பெயருக்கு அலங்காரமாக வருவது அட்ஜெக்டிவ். வினைக்கு அலங்காரமாக வருவது அட்வெர்ப். பெயருக்குப் பதிலாக வருவது ப்ரோநவுன். ஒன்றோடொன்றை ஒட்டவைக்கிற பசை ப்ரிப்பொசிஷனும் கன்ஜங்ஷனும். ‘ஐயோ’, ‘ஆகா’ எல்லாம் இன்டர்ஜெக்ஷன். முடிந்தது எட்டு.

அடுத்து முக்கியமான ஒன்று. இந்த வகைகள் எல்லாம் ஒரு சொல் பிறக்கும்போதே நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருகிற ஜாதி இல்லை. வாக்கியத்தில் அது பார்க்கிற வேலையின் பெயர். ‘இந்தப் படியில் உட்கார்ந்து, சொன்னபடி படி’ என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் குழம்புமா? முதல் படி பெயர், கடைசிப் படி வினை, நடுவில் இருப்பது ஒட்டுச்சொல். மூன்று வேலை, ஒரே சொல். அதே பிள்ளையிடம், ‘லைட்டைப் போடு’ என்கிற லைட் நவுன், ‘லைட் டிபன்’ என்கிற லைட் அட்ஜெக்டிவ், ‘லைட் தி லாம்ப்’ என்கிற லைட் வெர்ப் என்று சொல்லுங்கள். ‘அட, நம்ம படி மாதிரி!’ என்று பிடித்துக்கொள்ளும். விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, லைட் நவுனா வெர்பா என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும். ஏனென்றால் அந்தக் கேள்வியே தப்பு. எந்த வாக்கியத்தில் என்று கேட்கத் தெரிந்தால்தான் அது இலக்கணம் தெரிந்த பிள்ளை.

தமிழ் வழியாகப் போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்று வகுப்பில் நான் செய்து பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன். பேரன் பேத்திகள் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் எ, ஆன். எங்கே எ போடுவது, எங்கே ஆன் போடுவது என்று பிள்ளைகள் படாத பாடு படும். தமிழில் நமக்கு ஒரு, ஓர் இருக்கிறது. ஒரு வீடு, ஓர் ஊர். உயிரெழுத்தில் ஆரம்பித்தால் ஓர், மற்றதற்கு ஒரு. ஆங்கிலத்திலும் அதே விதிதான். ‘ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ஆன்’ என்று எழுத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால்தான் வம்பு. ஹவர் என்று எழுதுகிறார்களே அந்தச் சொல்லுக்கு ஏன் ஆன் வருகிறது, யூ-வில் ஆரம்பிக்கிற யூனிவர்சிட்டிக்கு ஏன் எ வருகிறது என்று பிள்ளை கேட்கும். நான் சொல்வேன்: ‘அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்.’ அவர். முதலில் நிற்பது அ, உயிர். ஆகவே ஆன். யூனிவர்சிட்டி. முதலில் நிற்பது யூ, உயிர்மெய். ஆகவே எ. எம்.எல்.ஏ.வுக்கு ஆன், யூரோப்பியனுக்கு எ. எழுத்தைப் பார்க்காதே, ஓசையைக் கேள் என்பதை நம் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘ஒன்’ என்பது மட்டும் ஏமாற்றும். அதை வெள்ளைக்காரர் வாயில் வருகிறபடி ‘வன்’ என்று எழுதிப் பார்த்தால் அதுவும் சரியாகிவிடும்.

அடுத்தது அட்ஜெக்டிவ், அட்வெர்ப். ஆன, ஆக என்ற இரண்டு விகுதியைச் சொல்லிக்கொடுங்கள், போதும். அழகான பெண், அழகாகப் பாடினாள். மெதுவான ரயில், மெதுவாகப் போயிற்று. ஆன என்று முடிந்து பெயருக்கு முன்னால் நின்றால் அட்ஜெக்டிவ். ஆக என்று முடிந்து வினையோடு சேர்ந்தால் அட்வெர்ப். ஆங்கிலத்தில் அந்த ஆக செய்கிற வேலையைத்தான் பெரும்பாலும் ‘லி’ என்ற வால் செய்கிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ‘ஃப்ரெண்ட்லி’யில் லி இருக்கிறது, அட்வெர்ப் இல்லை. தமிழில் சொல்லிப் பார்த்தால் ‘நட்பான’ என்று வரும், பிடிபட்டுவிடும். ‘ஹார்ட்’ என்ற சொல் இன்னும் ஆபத்து. கடினமாக உழைத்தேன் என்பதற்கு லி சேர்த்து ‘ஹார்ட்லி’ என்று எழுதினால், வேலையே பார்க்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். வேலைக்கான விண்ணப்பத்தில் இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ப்ரிப்பொசிஷனுக்கு வருவோம். நம் வேற்றுமை உருபைத்தான் அவர்கள் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மதுரைக்கு, மதுரையில், மதுரையிலிருந்து என்று நாம் பின்னால் ஒட்டுகிறோம். டு மதுரை, இன் மதுரை, ஃப்ரம் மதுரை என்று அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். இதை ஒரு தரம் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பாதி பயம் போய்விடும். ஒரு வேடிக்கை பாருங்கள். மூன்றாம் வேற்றுமையில் ஆல் என்பதையும் ஓடு என்பதையும் நம் முன்னோர் ஒன்றாக வைத்தார்கள். கத்தியால் வெட்டினான், அண்ணனோடு வந்தான். கருவியும் துணையும் ஒரே வேற்றுமையா என்று நாங்கள் படிக்கிற காலத்தில் ஆச்சரியப்பட்டதுண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வித்’ என்ற ஒரே சொல். வித் எ நைஃப், வித் ஹிஸ் பிரதர். எங்கேயோ இருக்கிற இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. ஆல் என்றாலே ‘பை’ என்று எழுதிவிடுகிற பிள்ளைக்கு மூன்றாம் வேற்றுமையை நினைவுபடுத்தினால் திருந்திவிடும்.

வெர்புக்கு வந்தால் தமிழ் இலக்கணம் தங்கச் சுரங்கம். படித்தல், ஓடுதல் என்பது தொழிற்பெயர் என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். அதுதான் ஜெரண்ட். ‘ஜெரண்ட்’ என்ற சொல்லைக் கேட்டால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் புரியாது. ‘தொழிற்பெயர்’ என்ற சொல்லோ தன்னைத் தானே விளக்கிக்கொள்கிறது. தொழிலுக்குப் பெயர், அவ்வளவுதான். செயப்படுபொருள் குன்றாவினை என்றால் ட்ரான்சிட்டிவ். குன்றியவினை என்றால் இன்ட்ரான்சிட்டிவ். துணைவினை ஹெல்பிங் வெர்ப். செயப்பாட்டுவினை பாஸிவ். வினைமுற்று என்றால் வாக்கியத்தை முடித்துவைக்கிற வெர்ப். ‘வந்து’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் மேலே என்ன என்று காத்திருப்பார், அது எச்சம். ‘கமிங்’ என்று மட்டும் சொன்னாலும் அப்படித்தான்.

சில இடத்தில் பாலம் இருக்காது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘அவர் டாக்டர்.’ இது தமிழில் முழு வாக்கியம். வினையே கிடையாது, பெயரே பயனிலையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அப்படி நிற்காது. நடுவில் ‘இஸ்’ வந்தே ஆக வேண்டும். நம் பிள்ளைகள் ‘ஹி டாக்டர்’ என்று எழுதுவது சோம்பேறித்தனத்தால் இல்லை. தமிழ் வாக்கியத்தை ஒழுங்காக எழுதுகிறார்கள், அவ்வளவுதான். காரணத்தைச் சொல்லாமல் ‘இஸ் எங்கே?’ என்று தலையில் குட்டினால், மறுநாளிலிருந்து எல்லா இடத்திலும் இஸ் போட ஆரம்பிக்கும். ‘ஹி இஸ் கோ’ என்று எழுதும். அதற்கும் ஒரு குட்டு. பாவம், போட்டாலும் அடி, போடாவிட்டாலும் அடி! ‘தமிழில் பெயர்ப் பயனிலை உண்டு, ஆங்கிலத்தில் கிடையாது, அங்கே வினை ஏற்கெனவே இருந்தால் இஸ் கூடுதலாக வேண்டாம்’ என்று ஒரே ஒரு தரம் சொன்னால் போதாதா?

அதே மாதிரி, ‘வந்தேன்’ என்றால் நான் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. தோன்றா எழுவாய் என்கிறோம். ‘கேம்’ என்றால் நானா, நீயா, அவனா, மாடா என்று தெரியாது. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுவாயை வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது. ‘நேற்று வந்த பையன்’ என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைக்கிறோம். அவர்கள் பையனை முன்னால் நிறுத்தி, ‘தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’ என்று ஹூ போட்டுப் பின்னால் இழுக்கிறார்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வலது இடதாகிறது. நாம், நாங்கள் என்று நமக்கு இரண்டு இருக்க, அவர்களுக்கு ‘வி’ ஒன்றுதான். நீ, நீங்கள் இரண்டுக்கும் ‘யூ’தான். இதில் எல்லாம் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கொஞ்சம் பரிதாபப்படக்கூடச் செய்யலாம்!

இதற்கு இரண்டு மறுப்பு வரும். இரண்டையும் என் மகனே என்னிடம் சொல்லியிருக்கிறான், அதனால் பதில் தயாராக இருக்கிறது.

முதல் மறுப்பு: ‘ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயேதான் கற்க வேண்டும், நடுவில் தமிழ் வந்தால் மொழிபெயர்த்துப் பேசுகிற பழக்கம் வந்துவிடும்.’ பேசுவதற்கு இது சரி. பேச்சு காதால் வருவது. நாள் முழுக்க ஆங்கிலம் கேட்கிற வீட்டில் பிள்ளைக்கு இலக்கணமே வேண்டாம். நமக்குத் தமிழ் வந்த மாதிரி தானாக வரும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர் வீட்டில் ஆங்கிலம் எங்கே கேட்கும்? ஒரு நாளைக்கு ஒரு பீரியட், அதுவும் ஐம்பது பிள்ளைகளோடு. அவளுக்குக் காது வழி அடைத்துக் கிடக்கிறது. புத்தி வழிதான் திறந்திருக்கிறது. அந்த வழியில் அவள் கையில் ஏற்கெனவே இருக்கிற விளக்கு தமிழ். அதை அணைத்துவிட்டு இருட்டில் நடக்கச் சொல்வது என்ன நியாயம்?

இரண்டாவது மறுப்பு: ‘இப்போ யாரும்மா இலக்கணம் படிக்கிறாங்க? எல்லாம் கம்ப்யூட்டரே திருத்திக் கொடுத்துடும்.’ திருத்திக் கொடுக்கும்தான். திருத்தியது நாம் நினைத்ததைத்தான் சொல்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டுமே? காய்ச்சல் என்று திருத்தினால் காய்ச்சல், காதுகுத்து என்று திருத்தினால் காதுகுத்து என்று கையெழுத்துப் போட்டுவிட முடியுமா?

வெறும் பெயர் ஒட்டுகிற இலக்கணத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இங்கிலாந்திலேயே 2013 முதல் ஆரம்பப் பள்ளியை முடிக்கிற பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு இலக்கணத் தேர்வு வைக்கிறார்கள். அடிக்கோடிட்ட சொல் எந்த வகை என்று கேள்வி. குழந்தைகளுக்காக எழுதுகிற மைக்கேல் ரோசன் போன்றவர்கள், இதனால் பிள்ளைகள் எழுதக் கற்றுக்கொள்ள மாட்டார்கள், லேபிள் ஒட்டத்தான் கற்றுக்கொள்வார்கள் என்று சண்டை பிடித்தார்கள். அந்த மொழியிலேயே பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கே அந்தக் கதி என்றால், நம் பிள்ளைகளுக்கு வெறும் லேபிளால் என்ன லாபம்? லேபிள் வேண்டும், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேண்டும்.

நான் சொல்கிற முறை புதிதும் இல்லை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். அது பேச்சுக்கும் எழுத்துக்கும். இலக்கணம் என்று வந்தபோது, தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். 1716இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அது அச்சாயிற்று. தன் நாட்டிலிருந்து அடுத்து வருகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணச் சொற்களைக் கொண்டு தமிழைக் காட்டினார். வீரமாமுனிவரும் அதையே செய்தார். தமிழருக்குத் தொன்னூல் விளக்கத்தைத் தமிழில் எழுதியவர், பாதிரிமார்களுக்குத் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதிக் கொடுத்தார். நன்கு படித்த பெரியவர்களுக்கே தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகிற பாதை தேவைப்பட்டது. நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் அது வேண்டாமா?

எனக்கு உண்மையான கவலை வேறொன்று. இந்தப் பாலத்துக்கு ஆங்கிலக் கரை மட்டும் இருந்தால் போதாது, தமிழ்க் கரையும் வேண்டும். என் பேத்தி பெங்களூரில் படிக்கிறாள். கெட்டிக்காரி. பள்ளியில் இரண்டாம் மொழி இந்தி. ஆங்கிலத்தில் கதை எழுதுகிறாள். ‘ஆச்சி, வேற்றுமைன்னா டிஃபரன்ஸ்தானே?’ என்று கேட்கிறாள். அவள் மேல் குற்றம் இல்லை. இந்தப் பக்கம், தமிழ்வழியில் படித்த பிள்ளையை நடுவில் பிடுங்கி ஆங்கிலவழியில் நடுகிறோம். அங்கே தமிழ்ப் பாடம் இருக்கிறது. ஆனால் இலக்கணக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதி மார்க் வாங்கிக்கொள் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. இப்படிப் போனால் இன்னும் இருபது வருடத்தில் தொழிற்பெயரைக் காட்டி ஜெரண்டைச் சொல்லவும் முடியாது. இரண்டையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஆங்கிலம் வரவில்லை என்று அழுகிற வீடுகளில், தமிழும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பதை யாரும் கவனிக்கிறதில்லை.

பெரிய மாற்றம் ஒன்றும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் தமிழ்ப் புத்தகத்தில் பெயர்ச்சொல் வருகிற வாரமே ஆங்கிலத்தில் நவுன் வரட்டும். வேற்றுமை வருகிற மாதமே ப்ரிப்பொசிஷன் வரட்டும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில்தான் டீ குடிக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் டீயோடு இதையும் பேசிக்கொள்ளட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், அரசாணை வேண்டாம், பணமும் வேண்டாம்.

அதுவரை நாம் இருக்கிறோம். நம்மில் பலர் தமிழ்வழியில் படித்து, பிறகு ஆபீசில் ஆங்கிலத்தில் நோட் எழுதி, டிராஃப்ட் போட்டு, முப்பது வருடம் குப்பை கொட்டியவர்கள். இரண்டு கரையும் பார்த்த தலைமுறை. நன்னூலும் ரென் அண்ட் மார்ட்டினும் ஒரே பையில் தூக்கிக்கொண்டு போனவர்கள். சாயங்காலம் சீரியலுக்கு ஒதுக்குகிற நேரத்தில் அரை மணி எடுத்து, வீட்டுப் பிள்ளையோ தெருப் பிள்ளையோ, ஒன்றை உட்கார வையுங்கள். விளக்கம் கேட்காதீர்கள். அன்றைக்கு அதன் வீட்டில் நடந்ததைத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். அதில் பெயர் எது, வினை எது, உருபு எது என்று கேளுங்கள். பிறகு அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் கட்டச் சொல்லுங்கள். எது முன்னால் போகிறது, எது புதிதாக வருகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். நூறு நாளில் நூறு வாக்கியம் ஆகும், அத்தனையும் அந்தப் பிள்ளையின் சொந்த வாக்கியமாக இருக்கும்.

உங்களில் யாராவது இப்படிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருந்தால் எழுதுங்கள். ஆன, ஆக மாதிரி உங்களிடமும் ஏதாவது சூத்திரம் இருக்கும். நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.